கயிற்றில் நடை, காற்றில் பந்து: சர்க்கஸ் வித்தைகளுக்கு ஓர் அறிமுகம்

போச்சம்பள்ளிச் சந்தையிலோ, ஊர் மாரியம்மன் பண்டிகையிலோ எப்போதாவது இதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மூங்கில்களைப் பெருக்கல் குறிபோலக் குறுக்காகக் கட்டி நிறுத்தியிருப்பார்கள். இருபதடி தள்ளி அதேபோல் இன்னொரு சோடி. இரண்டின் கவையிலும் ஏறி இறங்குவது ஒரே கயிறு. அதன் இரு நுனிகளும் தரையில் அறைந்த இரும்பு முளைகளில் கட்டியிருக்கும். மேளம் ஒலிக்க, கையில் நீளக் கோலோடு ஒரு பெண் அந்தக் கயிற்றின்மேல் நடப்பார். இதுதான் கழைக்கூத்து. கழை என்றால் மூங்கில்.

இதே நடை பெரிய கூடாரத்துக்குள், இரும்புக் கம்பியின்மேல், விளக்கு வெளிச்சத்தில் நடந்தால் அதைச் சர்க்கஸ் என்கிறோம். பலர் சர்க்கஸ் முதலில் வந்தது என்றும், தெருவில் ஆடுகிறவர்கள் அதைப் பார்த்துப் பழகினார்கள் என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வரலாறு நேர்மாறானது. வித்தைகள் மிகப் பழையவை. கூடாரம்தான் நேற்று வந்தது.

மயிலின் தள்ளாட்டம்

நற்றிணையின் 95ஆம் பாட்டில் கோட்டம்பலவனார் ஒரு மலைச் சிற்றூரைக் காட்டுகிறார். குழல் ஒலிக்க, பல வாத்தியங்கள் முழங்க, கூத்தாடும் பெண் கயிற்றில் நடந்து முடித்துவிட்டாள். கயிறு மட்டும் இன்னும் கட்டியே இருக்கிறது. அத்திப்பழம்போல் முகம் சிவந்த ஒரு குரங்குக் குட்டி அதைப் பிடித்துத் தொங்கி ஆடுகிறது. அதைப் பார்த்த குறவர் வீட்டுப் பிள்ளைகள் பெரிய பாறைமேல் ஏறி நின்று, அந்தக் குட்டிக்கும் தாளம் கொட்டுகிறார்கள். புலவர் அந்தக் கயிற்றை "கொடும்புரி நோன்கயிறு" என்கிறார். வளைத்து முறுக்கிப் புரியேற்றிய, வலிமையான கயிறு என்று பொருள். கயிறு எப்படி இருக்க வேண்டும் என்று இன்றைய கழைக்கூத்தாடியைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்.

குறிஞ்சிப்பாட்டில் கபிலர் இன்னும் நுட்பமாகப் பார்த்திருக்கிறார். நீர் என்று எண்ணித் தேறல் என்ற மதுவைக் குடித்துவிட்ட மயில் மலைச்சாரலில் தள்ளாடுகிறது. விழாக்களத்தில் கயிற்றின்மேல் ஆடும் பெண் தாளத்துக்கு ஏற்பத் தளர்வதுபோல அது தளர்கிறது என்கிறார். கயிற்றில் நடப்பவர் அசையாமல் நிற்கிறார் என்றே தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். உண்மையில் அவர் ஓயாமல் சாய்ந்துகொண்டும், சாய்வைத் திருத்திக்கொண்டும் இருக்கிறார். அந்தத் தளர்ச்சிதான் வித்தை. கபிலர் அதைக் கண்டு எழுதியிருக்கிறார்.

மற்ற வித்தைகளுக்கும் இங்கே பழைய தடயங்கள் உண்டு. சிலப்பதிகாரம் கடலாடு காதையில் பதினோரு ஆடல்களைச் சொல்லும்போது மாயவள் ஆடிய மரக்கால் ஆடலையும் சொல்கிறது. மரக்காலில் ஏறி ஆடுவது அது. வாழ்த்துக் காதையில் அம்மானை, கந்துகம், ஊசல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி வரிப்பாட்டுகள் வருகின்றன. காய்களை எறிந்து பிடிப்பது அம்மானை, பந்தைத் தட்டி ஆடுவது கந்துகம், ஊஞ்சல் ஆடுவது ஊசல். சர்க்கஸ் நிகழ்ச்சி நிரலில் இன்று இருப்பவற்றில் பாதி இதற்குள் அடங்கிவிடும். பிற நாடுகளிலும் இப்படித்தான். எகிப்தின் பெனி ஹசன் கல்லறை ஓவியத்தில் பெண்கள் பந்துகளை எறிந்து பிடிக்கிறார்கள். ஒருத்தி கைகளைக் குறுக்காகக் கட்டிக்கொண்டே பிடிக்கிறாள். அந்த ஓவியத்துக்கு வயது ஏறத்தாழ 4000.

கூடாரத்தின் கதை சுருக்கமானது. 1768இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர் வட்டமான களத்தில் குதிரையை ஓட்டி, அதன் முதுகில் நின்று காட்டினார். வட்டத்தில் ஓடும் குதிரை உள்பக்கம் சாயும். மேலே நிற்பவரும் அதே அளவு சாய்ந்தால் விழாமல் நிற்கலாம். களத்தின் விட்டம் பின்னர் 42 அடி என்று நிலைத்தது. இன்றும் பல நாடுகளில் அதே அளவுதான். இந்தியாவில் 1880இல் விஷ்ணுபந்த் சத்ரே 'கிரேட் இந்தியன் சர்க்கஸ்' நடத்தத் தொடங்கினார். கேரளத்தின் தலச்சேரியில் களரி ஆசானாக இருந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் சர்க்கஸ் பயிற்சிக்கென்றே பள்ளி அமைத்தார். அதன்பிறகு பல பத்தாண்டுகளுக்கு நாட்டின் சர்க்கஸ் கலைஞர்களில் பெரும்பகுதியினர் அந்த வட்டாரத்திலிருந்தே வந்தார்கள். புலி, சிங்கம், சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தைக்குப் பழக்கக் கூடாது என்று 1998இல் மத்திய அரசு அறிவித்தது. 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இப்போது கூடாரத்தில் எஞ்சியிருப்பது பெரும்பாலும் மனித உடலின் வித்தை. அதாவது, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது.

கோல் என்ன செய்கிறது?

கயிற்றில் நிற்பவரின் உடல் எடை முழுவதும் ஒரு புள்ளியில் திரண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். நிற்கும் ஆளுக்கு அந்த எடை மையம் தொப்புள் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும். அது கயிற்றுக்கு நேர் மேலே இருந்தால் நிற்பார்; பக்கவாட்டில் விலகினால் சாயத் தொடங்குவார். தரையில் நமக்குப் பாதத்தின் அகலம் உதவுகிறது. கயிற்றில் அந்த அகலம் ஒரு விரற்கடைகூட இல்லை. ஆகவே சாயாமல் இருப்பது முடியாத காரியம். மெதுவாகச் சாய்ந்தால், திருத்திக்கொள்ள அவகாசம் கிடைக்கும். கோலின் முதல் வேலை அந்த அவகாசத்தைத் தருவதுதான்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு விளக்குமாற்றுக் குச்சியையும், கிணற்றில் வாளி எடுக்கும் நீண்ட மூங்கிலையும் நடுவில் பிடித்து இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். குச்சி உடனே திரும்பும், மூங்கில் அடம்பிடிக்கும். பள்ளிப் பாடத்தில் இதை நிலைமத் திருப்புத்திறன் என்பார்கள். எடையைக் கூட்டாமல் நீளத்தை மட்டும் இரட்டிப்பாக்கினால் அந்த அடம் நான்கு மடங்காகும். அதனால்தான் கனத்த குட்டைக் கோலைவிட மெல்லிய நீளக் கோல் நல்லது. நுனிகள் வளைந்து தொங்கும் கோல் இன்னும் நல்லது. எடை மையத்தையும் கொஞ்சம் கீழே இறக்கும்.

இரண்டாவது வேலையில்தான் புதியவர்கள் தவறுவார்கள். உடல் இடப்பக்கம் சாய்கிறது. கோலின் எந்த நுனியைத் தாழ்த்த வேண்டும்? வலது நுனியை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். தாழ்த்த வேண்டியது இடது நுனியை. கோலை இடப்பக்கமாகத் திருப்பும்போது அதன் எதிர்விசை உடலை வலப்பக்கமாகத் திருப்பும். வரப்பில் கால் வழுக்கினால் கைகள் தாமாகவே சாயும் பக்கத்தில் சுழல்வதை நினைத்துப் பாருங்கள். உடலுக்கு இது ஏற்கெனவே தெரியும். யோசித்துச் செய்யப்போகும்போதுதான் குழப்பம்.

கயிற்றின் இழுவிசை பலரும் அறியாத ஆபத்து. 50 கிலோ எடையுள்ளவர் 6 மீட்டர் கயிற்றின் நடுவில் நிற்கும்போது கயிறு 15 சென்டிமீட்டர் தாழ்கிறது என்று வைத்துக்கொள்வோம். எடையை நீளத்தால் பெருக்கி, தாழ்வின் நான்கு மடங்கால் வகுத்தால் கயிற்றில் உள்ள இழுவிசை வரும்: 50 × 6 ÷ 0.6, அதாவது 500 கிலோ எடைக்குச் சமம். ஆளின் எடையைப்போலப் பத்து மடங்கு! இன்னும் முறுக்காக இழுத்துக் கட்டி 5 சென்டிமீட்டர்தான் தாழ்கிறது என்றால் 1500 கிலோ. கயிறு எவ்வளவு விறைப்போ, முளைக்கு அவ்வளவு சுமை. முளை பிடுங்கிக்கொண்டு வருவதற்கு ஆளின் எடையைவிட இதுவே பெரும்பாலும் காரணம். முளையின் தலை கயிறு வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்து, கயிறும் முளையும் கிட்டத்தட்டச் செங்கோணத்தில் இருக்க வேண்டும். மூங்கில் கவையும் நேராக நிற்கக் கூடாது. தலை முளைப்பக்கம் சற்றுச் சாய்ந்திருந்தால்தான் உள்ளிழுப்பும் வெளியிழுப்பும் சேர்ந்து மூங்கிலின் வழியே நேராகத் தரைக்குள் இறங்கும். கோடையில் நம் செம்மண் கல்போல இறுகி முளையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மழை பெய்துவிட்டால் அதே முளையை நம்ப முடியாது.

முழங்கால் உயரத்தில் தொடங்குங்கள்

கழைக்கூத்தாடியின் உயரத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அது பல ஆண்டுப் பழக்கம். கற்றுக்கொள்வதற்கு லாரியில் சரக்கை இறுக்கும் 2 அங்குல ராட்செட் பெல்ட் போதும். நெடுஞ்சாலை ஓரத்து லாரி உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். கழைக்கயிற்றைப்போல உருளாது, காலையும் அறுக்காது. அதில் ஒட்டியுள்ள சீட்டில் எத்தனை கிலோ தாங்கும் என்று இருக்கும். மேலே சொன்ன கணக்கை உங்கள் எடைக்குப் போட்டு, அதைப்போல இரண்டு மடங்காவது தாங்குவதை வாங்குங்கள். ஓரம் நைந்த பழைய பெல்ட் வேண்டவே வேண்டாம்.

ஓரடிக்குமேல் விட்டமுள்ள இரண்டு புளியமரங்கள், நடுவே 15 முதல் 18 அடி இடைவெளி. பட்டை உரியாமலிருக்க மரத்தில் கோணிப்பையைச் சுற்றிவிட்டுக் கட்டுங்கள். நீங்கள் நடுவில் நிற்கும்போது தரையைத் தொடாத உயரம் போதும். முழங்காலைத் தாண்ட வேண்டியதில்லை. கீழே கல், வேர் இல்லாத மண்ணாக இருக்கட்டும். பெல்ட்டில் முடிச்சுப் போடாதீர்கள், முடிச்சு விழுந்த இடத்தில் பலம் குறைந்துவிடும். ராட்செட்டை விடுவிக்கும்போது முகத்தை விலக்கி வைத்துக்கொள்ளுங்கள். இழுவிசை ஒரே நொடியில் அவிழ்ந்து கைப்பிடி தெறிக்கும்.

முதல் வாரம் நடக்கவே வேண்டாம், நின்றால் போதும். வெறுங்காலோடு, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே தொடங்கிக் குதிகாலின் நடுவரை பெல்ட் நீளவாக்கில் ஓட வேண்டும். ஒற்றைக் காலில் எழுந்து நின்று, முழங்காலைச் சற்றே மடக்கி, கைகளைத் தோளுக்கு மேலே தளர்வாக உயர்த்தி, எதிர்மரத்தில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கால் கிடுகிடுவென்று நடுங்கும். பயத்தில் வருவதல்ல அது. பெல்ட் பக்கவாட்டில் ஆட, கால் தசை அதைத் தாமதமாகத் திருத்த, திருத்தமே அடுத்த ஆட்டமாகிவிடுகிறது. முழங்காலை விறைத்தால் நடுக்கம் கூடும், மடக்கினால் அடங்கும். வலக்காலில் பத்து நொடி, இடக்காலில் பத்து நொடி நிற்க வந்த பிறகு அடி எடுத்து வையுங்கள். கீழே பார்த்துக்கொண்டு நடந்தால் தலை கவிழ்ந்து எடை மையம் முன்னே போய்விடும். பெல்ட்டைப் பாதமே தேடிக்கொள்ளட்டும்.

குழந்தைகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சர்க்கஸ்களில் குழந்தைகளைப் பணியமர்த்த 2011இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. முழங்கால் உயரப் பெல்ட்டில் பெரியவர் கைபிடித்து விளையாடுவது வேறு, பத்தடி உயரத்தில் பிழைப்புக்காக ஒரு பிள்ளை நடப்பது வேறு. இரண்டாவதைக் கைதட்டி ஊக்கப்படுத்தாதீர்கள்.

ராகிப் பையும் மூன்று பந்தும்

பந்து எறிந்து பிடிக்கும் வித்தைக்கு ரப்பர் பந்து சரிப்படாது. கை தவறினால் எம்பி ஓடும். துரத்திப் பிடிப்பதிலேயே பாதி நேரம் போகும். விழுந்த இடத்தில் கிடக்கும் பொருள் வேண்டும். நம் ஊரில் அதற்கு ராகியைவிட நல்லது எதுவும் இல்லை.

பழைய காலுறையின் விரல் பகுதி மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் 110 கிராம் ராகியை மெல்லிய பாலித்தீன் உறையில் போட்டு, காற்றை வெளியேற்றி முடிந்து, காலுறைக்குள் திணித்து நூலால் இறுக்கிக் கட்டுங்கள். மிச்சத் துணியைப் பந்தின்மேலேயே திருப்பி ஒருமுறை போர்த்தித் தைத்துவிடுங்கள். ஏழு சென்டிமீட்டர் அகல உருண்டை கிடைக்கும். உள்ளங்கையில் வைத்தால் லேசாக அமுங்க வேண்டும். கட்டியாக நிரப்பினால் விழுந்து உருளும், குறைவாக நிரப்பினால் காற்றில் உருவம் மாறிக் கைக்குச் சிக்காது. மூன்றுக்கும் மூன்று நிறம் இருந்தால் எது எங்கே போகிறது என்று கண் பிரித்தறியும்.

கட்டிலுக்கு முன்னால் நில்லுங்கள். விழுந்ததை எடுக்கக் குனிவது பாதியாகக் குறையும். முழங்கை இடுப்போரம், உள்ளங்கை மேல்நோக்கி. ஒரு பையை வலக்கையிலிருந்து இடக்கைக்கு எறியுங்கள். கண் மட்டத்தில் உச்சி வர வேண்டும். உடலின் நடுப்பக்கத்திலிருந்து எறிந்து, வெளிப்பக்கத்தில் பிடிக்க வேண்டும். கை ஒவ்வொரு முறையும் சிறிய அரைவட்டம் போடும். இந்த அரைவட்டம் இல்லாமல் எல்லாரும் நேர்கோட்டில் எறிவார்கள். ஒரு பை இருக்கும்வரை தெரியாது. மூன்றானதும் நடுவானில் மோதிக்கொள்ளும்.

அடுத்து இரண்டு பை, கைக்கு ஒன்று. வலக்கைப் பை உச்சிக்குப் போகும்வரை காத்திருந்து, இடக்கைப் பையை அதன் உள்பக்கமாக எறியுங்கள். வாய்விட்டு "எறி, எறி, பிடி, பிடி" என்று சொல்லுங்கள். தாளம் சீராக வரவேண்டும். முக்கால்வாசிப் பேர் இங்கேதான் ஏமாறுவார்கள்: முதல் பையை எறிந்துவிட்டு இரண்டாவதைக் கைமாற்றிக் கொடுத்துவிடுவார்கள். சின்ன வயதில் கல்லாங்காய் ஆடிய கைக்கு அந்தப் பழக்கம் உண்டு. அதை முறிக்க, இடக்கையிலிருந்து தொடங்குங்கள். இரண்டு உச்சியும் ஒரே உயரத்தில் வரும்வரை மூன்றாவது பையைத் தொடாதீர்கள்.

மூன்றாவது வந்ததும் இரண்டு வைத்திருக்கும் கையிலிருந்து தொடங்க வேண்டும். விதி பழையதே: முன்னது உச்சிக்கு வந்தால் அடுத்தது கிளம்பும். மூன்று எறிந்து, மூன்றையும் பிடித்து நிறுத்துங்கள். அது பத்து முறை தவறாமல் வந்தபின் நான்கு, பிறகு ஐந்து. பைகள் முன்னே முன்னே போய் நீங்களும் பின்னாலேயே நடப்பீர்கள். அவசரத்தில் வரும் கோளாறு அது. சுவரைப் பார்த்து ஒரு முழம் தள்ளி நின்று பழகினால் இரண்டு நாளில் சரியாகும். கையைப் பார்க்க வேண்டாம், உச்சியைப் பாருங்கள்.

இங்கேயும் விஷயம் அவகாசம்தான். கையிலிருந்து 44 சென்டிமீட்டர் உயரம் போன பை திரும்பி வர 0.6 நொடி ஆகும். மூன்று பைகளுக்கு அது தாராளம். அதே கை வேகத்தில் ஐந்து பை ஆட வேண்டுமானால் ஒவ்வொன்றும் 1.2 நொடி காற்றில் இருக்க வேண்டும். நேரம் இரட்டித்தால் உயரம் நான்கு மடங்காகும், 1.76 மீட்டர், ஏறத்தாழ ஆறடி! அத்தனை உயரத்தில் விரல் நுனியின் சிறு பிசகும் கீழே வரும்போது ஒரு கையகலம் விலகிவிடும். மூன்று பை சில நாட்களில் வந்துவிடும், ஐந்துக்கு மாதக்கணக்கில் ஆகும்.

தூரியும் மரக்காலும்

ஆடி மாதத்தில் மரத்தில் கட்டும் தூரியை, அதாவது ஊஞ்சலைக் கவனித்தால், உயரத்தில் தொங்கும் குறுக்குக் கம்பியைப் பிடித்து ஆடும் பார் விளையாட்டு பாதி புரிந்துவிடும். பெரியவர் உட்கார்ந்தாலும் சிறுபிள்ளை உட்கார்ந்தாலும் ஒரு முறை போய்வர ஏறக்குறைய அதே நேரம்தான். அதைத் தீர்மானிப்பது கயிற்றின் நீளம். 4 மீட்டர் கயிற்றுக்கு 4 நொடி. 1859இல் பாரிசில் ஜூல் லியோதார்ட் ஒரு பாரிலிருந்து இன்னொரு பாருக்குப் பறந்து காட்டினார். அப்படிப் பறக்க முடிவது இந்தச் சீரான காலத்தால்தான். எதிர்ப்பார் எப்போது எங்கே வரும் என்று எண்ணிக்கொண்டே தாவலாம். கையை விடுவது ஊசலின் உச்சிக்கு அருகில், உடல் கணநேரம் எடையற்று மிதக்கும்போது. இதை வலையும் ஆசிரியரும் இல்லாமல் யாரும் முயலக் கூடாது.

மரக்கால், அதாவது கோக்கலிக்கட்டை, அப்படியல்ல. வீட்டு முற்றத்திலேயே பழகலாம். உள்ளங்கையில் பென்சிலை நிறுத்திப் பாருங்கள், பிறகு நான்கடிக் கம்பை நிறுத்திப் பாருங்கள். கம்புதான் எளிது, நீளமானது மெதுவாகச் சாயும். அதனால் உயரக் கட்டையில் நிற்பது குட்டைக் கட்டையைவிடக் கடினமில்லை. விழுவதுதான் கடினம். எனவே ஓரடியில் தொடங்குங்கள். கணுவும் வெடிப்பும் இல்லாத கட்டை, அடியில் பழைய டயர் ரப்பரில் ஒரு துண்டு, பாதம் வைக்க அகலப் பலகை, முழங்காலுக்குக் கீழே அகலமான பருத்தித் துணியால் கட்டு. முடிச்சு வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்பக்கம் இருந்தால் அடுத்த காலில் சிக்கும். நடந்து கொஞ்ச நேரத்தில் துணி தளரும், மறுபடி இறுக்க வேண்டும்.

கட்டையில் அசையாமல் நிற்க முயலாதீர்கள். அடியில் இருப்பது இரண்டே புள்ளிகள். அவற்றை இணைக்கும் கோட்டுக்கு முன்னும் பின்னும் தாங்க எதுவும் இல்லை. கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தால்தான் உடல் நிற்கும். கோக்கலிக்கட்டை ஆடுகிறவர்கள் மேளம் நின்றாலும் கால் மாற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான். முழங்காலை உயர்த்தி நேராக மேலே எடுத்து நேராகக் கீழே வையுங்கள். இழுத்து நடந்தால் சின்னக் கல்லும் தடுக்கும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் முன்பக்கம், முழங்காலும் கையும் ஊன்றுமாறு விழுங்கள். முழங்காலில் பழந்துணியைத் தடிமனாகச் சுற்றியிருக்க வேண்டும். பின்னால் விழுந்தால் தலை அடிபடும்.

ஏறுவதற்கும் இறங்குவதற்கும் திண்ணை வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு, இரு பக்கமும் ஆள் தோள் கொடுக்க எழுந்திருங்கள். முதல் நாள் திண்ணையைவிட்டு ஆறடிக்குமேல் போகாதீர்கள். களைப்பு தொடையில் திடீரென்று வரும். அப்போது நடுமுற்றத்தில் இருந்தால் உட்கார இடம் இருக்காது.